பிராடக்ட் டிசைன் வேலைய விட்டுட்டு அசையும் சிற்பம் பண்றேன், பாக்குறவங்க "மெஷின் மாதிரி இருக்கு"ங்கிறாங்க, கருத்து சொல்லுங்க

அச்சாணி:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நான் பல வருஷம் பிராடக்ட் டிசைனரா இருந்தவ. கீல், மூடி, கைப்பிடி, டிராயர்னு ஒரு பொருள்ல எதெல்லாம் அசையுமோ அதெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஒரு மூடி பட்டுனு விழாம மெதுவா இறங்கி கடைசி விரக்கடைல இன்னும் மெதுவாகி உக்காருதுன்னா உள்ள சிலிகான் கிரீஸ் போட்ட சின்ன டேம்பர் ஒண்ணு இருக்கு, அந்த கிரீஸ் எவ்ளோ கெட்டியா இருக்கணும், எந்த கோணத்துல அது பிடிக்க ஆரம்பிக்கணும்னு மாத்தி மாத்தி பாக்குறதுதான் வேலை. அந்த கடைசி விரக்கடை அசைவு மேல எனக்கு அப்படி ஒரு பிரியம். மூடிய எடுத்துட்டு அசைவ மட்டும் வச்சுக்கிட்டா என்னனு தோணித்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

இப்ப பண்ணியிருக்கிறது சுவர்ல மாட்டுற ஒண்ணு. 40 பித்தளைக் கம்பி வரிசையா நிக்குது, பின்னாடி ஒரே ஷாஃப்ட் (சுத்துற தண்டு), அதுல மையத்தை விட்டு தள்ளி துளை போட்ட 40 வட்டத் தட்டு, தட்டுக்கு ஒரு கம்பி அதுமேல நிக்குது, ஒவ்வொரு தட்டும் பக்கத்துல இருக்கிறதைவிட 9 டிகிரி தள்ளி. ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தினா அலை ஒண்ணு இந்தக் கோடில இருந்து அந்தக் கோடிக்கு போகும். ஷாஃப்ட்ல துளி ஆட்டம் கிடையாது, எந்தக் கம்பியும் சிக்கல, நாள் பூரா ஓடுது.

ஆனா வர்றவங்க முதல்ல கேக்கறது "இது எதுக்கு யூஸ் ஆகும்". ரெண்டு அலை போறதுக்குள்ள புரிஞ்சுடுச்சுனு தலையாட்டிட்டு அடுத்ததுக்கு போயிடறாங்க. சுத்தி அமைதியா இருந்தா ஷாஃப்டை சுத்துற ஸ்டெப்பர் மோட்டரோட (சின்னச் சின்ன ஸ்டெப்பா சுத்துற மோட்டர்) ரீங்காரம் வேற கேக்குது. அசைவு எனக்கு நல்லாவே வரும், அதை சந்தேகப்படல. அது சிற்பமா ஆகுறது எந்த இடத்துலனுதான் தெரிஞ்சுக்கணும்.

பட்டறைக்காரன்:
வாங்க மேடம். மத்தவங்க பெரிய விஷயமெல்லாம் பேசட்டும், நான் சத்தத்துக்கு வர்றேன். ஸ்டெப்பருக்கு சுத்துக்கு 200 ஸ்டெப், நீங்க மைக்ரோஸ்டெப் 16ல, அதாவது ஒரு ஸ்டெப்ப 16ஆ பிரிச்சு ஓட்டுறீங்கன்னா 3,200. ஷாஃப்ட் என்ன வேகம்? நிமிஷத்துக்கு 4 சுத்துன்னு வச்சா செகண்டுக்கு 213 ஸ்டெப், அது அப்படியே காதுல விழுற சுருதி. டிஎம்சி2209 மாதிரி டிரைவர் (மோட்டர ஓட்டுற சர்க்யூட்) போட்டு, சத்தத்தைக் குறைக்கிற ஸ்டெல்த்சாப் மோடுல ஓட்டுங்க, பாதிக்கு மேல அடங்கிடும். மிச்சம் இருக்கிறது மோட்டர்ல இல்ல, பலகைல இருக்கு. ஓடும்போது பின்பலகைல உள்ளங்கைய வச்சு பாருங்க, கிர்ருனு கைல ஏறும். மோட்டரை நேரா பலகைல திருகியிருக்கீங்க, ஷாஃப்டுக்கும் நேரடி கப்ளிங்தான், சரியா? மோட்டருக்கு தனி பிராக்கெட் பண்ணி ரப்பர் புஷ் மேல உக்கார வைங்க, ஷாஃப்டுக்கு டைமிங் பெல்ட் வழியா இழுங்க. அதுக்கப்புறமும் சத்தம் வந்தா தட்டும் கம்பியும் உரசுற இடம்தான், கம்பி அடில அசிட்டால்ங்கிற வழுவழுப்பான பிளாஸ்டிக் துண்டு ஒண்ணு மாட்டிடுங்க.

அச்சாணி:
4 சுத்துதான்! கப்ளிங்கும் நேரடிதான். ரொம்ப நன்றி அண்ணா, இத முதல்ல பண்ணிடறேன்.

மண்சிற்பி:
நான் கல்லும் மண்ணும் பிடிச்சு வேலை பண்றவன், மனசுல பட்டத சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பதிவு முழுக்க ஓடுது ஓடுதுன்னுதான் இருக்கு, நின்னா என்ன இருக்குன்னு ஒரு வரி இல்ல. பிளக்கை பிடுங்கினதும் 40 கம்பி அலமாரி மாதிரி நிக்கும்னா அது சிற்பம் இல்லம்மா, அசையாத நேரத்துலயும் நாலு பக்கமும் பாக்க வைக்கணும், கனம் எங்க, வெற்றிடம் எங்க, நிழல் எங்க விழுதுன்னு இருக்கணும். கால்டர்ங்கிற அமெரிக்க சிற்பியோட மொபைல், அதாவது காத்துல அசையுற தொங்கு சிற்பம், காத்தே இல்லாத அறைல தொங்கினாலும் அது பாட்டுக்கு முழுசா இருக்குதுல்ல. மோட்டர் போனா போயிடுற கலைய நான் ஏத்துக்க மாட்டேன்.

ஈர்ப்புவிசை:
மண்சிற்பி ஐயா, இதுல நான் உங்களோட ஒத்துப்போகல. ரஷ்ய சிற்பி நவும் காபோ 1919-20ல பண்ணின 'நிற்கும் அலை' என்ன? ஒரே ஒரு மெல்லிய எஃகுக் கம்பி, அடில மோட்டர். நிறுத்தினா வெறும் கம்பிதான், திரும்பிக்கூட பாக்க மாட்டோம். ஓடினா அந்தக் கம்பி அதிர்ந்து காத்துல ஒரு குடுவை மாதிரி உருவம் நிக்கும், தொட்டா ஒண்ணும் இருக்காது. கனமே இல்லாம பருமனைக் காட்டலாம்னு அவர் செஞ்சு காட்டினது அது. நின்னா இல்லாம போயிடறதுதான் அந்த வேலையோட பொருளே. நூறு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்ச வழக்க நாம திரும்ப எடுக்கறோம்.

அச்சாணி, நீங்க தனியா இல்ல. இந்தத் துறைல பாதிப் பேர் பக்கத்து வீட்ல இருந்து வந்தவங்கதான். கால்டர் 1919ல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சவர். ஜார்ஜ் ரிக்கியோட அப்பா சிங்கர் தையல் மெஷின் கம்பெனி இன்ஜினியர், தாத்தா கடிகாரம் செய்றவர். தியோ யான்சன் டெல்ஃப்டுல இயற்பியல் படிச்சவர், 1990ல இருந்து பிளாஸ்டிக் குழாய்ல கடற்கரை விலங்கு நடக்க விட்டுட்டு இருக்கார். உங்களுக்கு ரொம்ப கிட்ட வர்றது இத்தாலிக்காரர் புரூனோ முனாரி. 1930கள்லயே 'பயனற்ற இயந்திரங்கள்'னு லேசான அட்டையும் நூலும் வச்சு தொங்க விட்டவர், அதே ஆள் பின்னாடி டனேஸே கம்பெனிக்கு சாம்பல் கிண்ணமும் விளக்கும் டிசைன் பண்ணினார், ரெண்டையும் விடவே இல்ல. "எதுக்கு யூஸ் ஆகும்"ங்கிற கேள்விய தலைப்புலயே எழுதி வச்சுட்டார் மனுஷன்.

மண்சிற்பி:
காபோவ நான் மறுக்கல. ஆனா அது கம்பி ஒண்ணு, அதிர்வு ஒண்ணு, அவ்வளவு சிக்கனம். இங்க 40 கம்பி வச்சு ஒரு அலைதான் கிடைக்குது. அதைத்தான் கேக்கறேன்.

புதுசுவடு:
அக்கா நானும் பிராடக்ட் டிசைனர்தான், இன்னும் வேலைல இருக்கேன், உங்க பதிவு படிச்சதும் தூக்கமே போச்சு. எங்க டீம்ல எப்பவும் யூசர் யாரு, பிரச்சனை என்னன்னுதான் ஆரம்பிப்போம், பிரீஃப் (என்ன பண்ணணும்னு சொல்ற குறிப்பு) இல்லாம காலைல எழுந்து எத வரையறதுன்னு எப்படி முடிவு பண்றீங்க?

அச்சாணி:
தம்பி, பிரீஃப் இல்லாம நான் வரையறதே இல்ல, பிரீஃபை நானே எழுதறேன். "ஒரு பொருள் தன் எடைய உணர்ந்து இறங்கணும்"னு ஒரு வரி எழுதுவேன், அப்புறம் அந்த அசைவு எப்படி இருக்கணும்னு கிராஃப் போடுவேன், எங்க வேகம், எங்க நிதானம், எங்க நிக்கும்னு. அந்தக் கோடு பிடிச்ச பிறகுதான் என்ன பொருள், என்ன வடிவம்னு போவேன். கார்ட்போர்டுல குண்டூசி குத்தி லிங்கேஜ் பண்ணி கையால அசைச்சு பாக்கறது, அட்டை வளையற இடத்துல எங்க சுமை ஏறுதுன்னு பாக்கறது, இதெல்லாம் பழைய வேலைல இருந்து அப்படியே வந்ததுதான். மாறினது ஒண்ணே ஒண்ணு, அங்க அசைவு கவனத்துக்கு வரக்கூடாது, மூடி நல்லா இறங்கினா யாரும் அத பாக்கவே மாட்டாங்க, இங்க பாக்கறதுக்காகவே இறங்கணும்.

ஈர்ப்புவிசை:
நீங்க இப்ப தம்பிக்கு எழுதினத உங்க சுவர் வேலைக்கே கேட்டு பாருங்க. அந்த 40 கம்பியோட கிராஃப் என்ன? வட்டத் தட்டு, மையம் தள்ளின துளை, அப்ப சுத்தமான சைன் அலை. ஏறுறதும் இறங்குறதும் ஒண்ணு போல, எங்கயும் தயங்கல. மூடிக்கு கொடுத்த அந்த கடைசி விரக்கடை இங்க எங்க போச்சு?

நம்ம கண்ணு அசைவுல உயிரைத் தேடும். 1944ல ஹைடர், சிம்மல்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ரெண்டு முக்கோணம், ஒரு வட்டம், ஒரு பெட்டி மட்டும் வச்சு சின்ன அனிமேஷன் காட்டினாங்க, பாத்தவங்க பெரும்பாலும் துரத்தறான், பயப்படுறா, சண்டை போடுறாங்கன்னு கதை சொன்னாங்க. முகமும் இல்ல கையும் இல்ல, வேகம் மாறினதும் திசை மாறினதும் மட்டும்தான். மாறாத சைன் அலைல அந்தத் தயக்கம் இல்லாததாலதான் மூளை ரெண்டு சுத்துல "புரிஞ்சுது"ன்னு மூடிடுது.

ஒரு யோசனை சொல்றேன். இன்னொரு ஷாஃப்ட் சேருங்க, அதுலயும் இதே 40 தட்டு. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்ன நெம்புகோல், ஒரு முனை முதல் தட்டு மேல, மறுமுனை ரெண்டாவது தட்டு மேல, கம்பி நட்டநடுவுல. அப்ப கம்பி ரெண்டு அசைவோட சராசரிய எடுத்துக்கும். விஞ்ஞானி கெல்வின் 1872ல கடல் ஏற்ற இறக்கத்தை கணக்கு போட பண்ணின மெஷினும் இப்படித்தான், கப்பிகள் மேல ஒரே கயிறு ஓட விட்டு நிறைய அலைய ஒண்ணா கூட்டினார். ரூபன் மார்கோலின் தொங்க விடுற பெரிய அலை வேலைகள்லயும் கயிறும் கப்பியும் அதே கூட்டலத்தான் செய்யுது.

இப்ப ரெண்டு ஷாஃப்டையும் 41 பல், 43 பல் கியர்ல இணைங்க. ரெண்டும் பகா எண், அதனால முதல் ஷாஃப்ட் 43 சுத்து, ரெண்டாவது 41 சுத்து முடிச்சாத்தான் பழைய நிலை திரும்பி வரும். உங்க 4 சுத்து வேகத்துல அது 10 நிமிஷம் 45 விநாடி. இதுல ஒரு அழகு இருக்கு, ரெண்டு அலையும் மெதுவா விலகி விலகி போய் ஒரு கட்டத்துல ஒண்ணு மேல ஏறும்போது இன்னொண்ணு சரியா அதே அளவு இறங்கும். அப்ப 40 கம்பியும் ஒரே மட்டத்துக்கு வந்துடும். ரெண்டு ஷாஃப்டும் சுத்திட்டேதான் இருக்கும், கம்பிங்க மட்டும் பத்து விநாடி போல கிட்டத்தட்ட அசையாது. அப்புறம் ஒரு நடுக்கம் மாதிரி ஆரம்பிச்சு மறுபடி அலை வளரும். சுமார் 5 நிமிஷம் 22 விநாடிக்கு ஒரு தடவை இது நடக்கும்.

மண்சிற்பி ஐயா கேட்ட "நின்னா என்ன இருக்கு"க்கு இதுல பதில் இருக்குன்னு நினைக்கிறேன். பிளக்கை பிடுங்காமலே நிக்குது.

பட்டறைக்காரன்:
சார் கணக்கு சரி, பட்டறைல ஒரு விஷயம் விட்டுட்டீங்க. ரெண்டு கியர் நேரா பல் கோத்தா ஒண்ணு இந்தப் பக்கம், இன்னொண்ணு அந்தப் பக்கம் சுத்தும், அப்ப அலை எதிரும் புதிருமா மோதும், நீங்க சொன்ன மாதிரி கம்பிங்க எல்லாம் ஒரே மட்டத்துல அடங்கி நிக்காது. நடுவுல ஒரு ஐட்லர் கியர் போடணும், விகிதம் மாறாது, திசை மட்டும் ஒண்ணாகும்.

இன்னொண்ணு, அந்த பத்து விநாடி அமைதி வரணும்னா 80 தட்டும் ஒரே அளவு இருக்கணும். ஒரு தட்டுல துளை அரை மில்லி தள்ளிப் போனா அந்தக் கம்பி மட்டும் தனியா தலையாட்டிட்டு நிக்கும், எல்லாம் அடங்கின நேரத்துல அதுதான் கண்ணுல குத்தும். ஒண்ணொண்ணா துளைக்காதீங்க, தட்டுங்கள அடுக்கி இறுக்கிப் பிடிச்சு ஒரே ஜிக்ல (துளை விழுற இடம் மாறாம பிடிக்கிற சட்டம்) துளை போட்டு, துளைய துல்லியமாக்க ரீமர் விடுங்க. 3டி பிரிண்ட் பண்ணலாம்னு யாராவது சொன்னா பிஎல்ஏ பிளாஸ்டிக்ல பண்ணிடாதீங்க, 60 டிகிரிய நெருங்கினாலே அது இளகும், விளக்குக்குப் பக்கத்துல மாட்டினா கொஞ்சம் கொஞ்சமா வடிவம் போயிடும்.

அச்சாணி:
ஈர்ப்புவிசை சார், இத படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன். இந்த மாதிரி துல்லியம் வேணும்னாதான் நான் பழகினது எல்லாம் வேலைக்கு வருது. இத்தனை நாள் நிறைய பேர் "டிசைனர் புத்திய விடு, கொஞ்சம் கோணலா பண்ணு, அப்பதான் கலை"ன்னு சொன்னாங்க, எனக்கு அது ஒட்டவே இல்ல. கோணலா இருக்கிறதுல உயிர் வரும்தான், டிங்கலிங்கிற சுவிஸ் சிற்பியோட வேலைகள் எல்லாம் கடகடன்னு நடுங்கிட்டு ஓடும், 1960 மார்ச்சுல நியூயார்க்குல நவீன கலை அருங்காட்சியகத் தோட்டத்துல அவர் வச்ச மெஷின் தன்னையே உடைச்சுக்கிட்டு கடைசில தீயணைப்புக்காரங்க வந்து நிறுத்தற அளவுக்கு போச்சு, அந்தக் கோபம் அவரோடது, எனக்கு அது வராது. நான் நிதானத்துல இருந்து வர்றவ. அடங்கறதுதான் நான் பண்ண வேண்டியதுன்னு இப்ப தெளிவா தெரியுது.

முழுசா பண்றதுக்கு முன்னாடி 8 கம்பி வச்சு மாதிரி ஒண்ணு பண்ணிட்டு எழுதறேன்.

புதுசுவடு:
அக்கா ஒரு சந்தேகம், மோட்டரே இல்லாம காத்துல ஓட விட்டா சத்தமும் போயிடும், ஒரே மாதிரி திரும்பவும் வராதே? கால்டரும் முதல்ல மோட்டர் வச்சு பண்ணிட்டு அப்புறம் காத்துக்குத்தான் போனார்னு படிச்சேன்.

ஈர்ப்புவிசை:
நல்ல கேள்வி, ஆனா அது வேற வேலை. காத்துல ஓடணும்னா எடைதான் எல்லாமே. ரிக்கியோட கத்தி மாதிரி நீள எஃகு அலகுகள் அவ்ளோ மெதுவா சாயறதுக்கு காரணம் அடில ஈயம் வச்சு எடை மையத்தை அச்சுக்கு ஒரு மயிரிழை கீழ கொண்டு வந்தது. மையம் அச்சை நெருங்க நெருங்க ஆட்டத்தோட நேரம் நீளும், பத்தடி அலகு மூச்சு விடற காத்துக்கே அசையும். அதே சமயம் அதைத் திருப்பிக் கொண்டுவர விசையும் குறைஞ்சுடும், அதனால பேரிங்ல துளி உராய்வு இருந்தாலும் பாதில நின்னுடும்.

பட்டறைக்காரன்:
ஆமா, கடைல வாங்கின 608 பேரிங்க அப்படியே போட்டுட்டு ஏன் நிக்குதுன்னு கேக்கறவங்க நிறைய. ரப்பர் சீல் வச்சது, உள்ள கெட்டி கிரீஸ். சீலைக் கழட்டி கிரீஸ கழுவிட்டு கடிகார எண்ணெய் ஒரு சொட்டு விடுங்க, விரல்ல மாட்டி சுண்டினா வித்தியாசம் உங்களுக்கே தெரியும். வெளில வைக்கிற வேலைன்னா இப்படி பண்ணக்கூடாது, தூசி போய் ஒரே மழைல பாழாயிடும்.

அச்சாணி:
8 கம்பி மாதிரி ஓடுது! எழுதறேன்னு சொன்னேன்ல.

ஐட்லர் கியரோட, ரப்பர் புஷ் மேல மோட்டர், புது டிரைவர். ரீங்காரம் போச்சு, காத பக்கத்துல வச்சாத்தான் பெல்ட் சத்தம் லேசா. கம்பி கம்மிங்கறதால அலையோட சின்னத் துண்டுதான் தெரியுது, ஆனா அந்த அடங்கல் வருது. முதல்ல ஏத்த இறக்கம் குறையுதுன்னே தெரியல, ஏதோ கனம் கூடின மாதிரி இருக்கு, அப்புறம் கம்பி உச்சிங்க ஒரு கோட்டுக்கு வந்து நிக்குது, பின்னாடி ஷாஃப்ட் சுத்தறது இடுக்குல தெரியுது. பாத்துட்டு இருந்த ஒருத்தர் கரண்ட் போச்சுன்னு நினைச்சு கிட்ட வந்து குனிஞ்சார், அப்ப மூணாவது கம்பி லேசா நடுங்கிச்சு, சட்டுனு பின்னாடி போனார். எதுக்கு யூஸ் ஆகும்னு கேக்கல, மறுபடி எப்ப நிக்கும்னு கேட்டார், நின்னு பாத்துட்டுத்தான் போனார்.

ஒரு தட்டையும் மாத்தினேன். முதல் கம்பிக்கு மட்டும் வட்டம் இல்லாம இறங்கும்போது கடைசில மெதுவாகற வளைவு கொடுத்து பாத்தேன். அழகா இருந்துச்சு, ஆனா அது இருந்தா கூட்டல் சரியா வராது, மட்டத்துக்கு வரும்போது அது மட்டும் தப்பி நிக்குது. எடுத்துட்டேன். அந்த மெதுவாகறது இப்ப ஒரு கம்பில இல்ல, மொத்த வேலைலயும் இருக்கு.

மண்சிற்பி:
அம்மா, குனிஞ்சு பாத்தார்னு எழுதியிருக்கீங்களே, அது போதும் எனக்கு. வெறும் கம்பியா நிக்கிற அந்த பத்து விநாடிக்காக கம்பிங்களோட உயரத்தையும் இடைவெளியையும் இன்னும் பாருங்க. எல்லாம் ஒரே நீளமா வேணுமா, உச்சிய சீவி விட்டிருக்கீங்களா மழுக்கியிருக்கீங்களா, பின்னாடி சுவர்ல நிழல் எவ்வளவு தள்ளி விழுது. அப்பத்தான் எல்லாரும் கிட்ட வந்து உத்துப் பாப்பாங்க. மோட்டர் போனா என்னங்கிற என் கேள்விய நான் இன்னும் விடல.

காட்சிக்கூடம்:
அந்தக் கேள்விக்கு நான் வர்றேன். ஓடுற வேலைகள பராமரிக்கிறதுதான் என் தொழில். மோட்டர் போகும், கண்டிப்பா போகும். நிமிஷத்துக்கு 4 சுத்து, நாளைக்கு 8 மணி நேரம்னா வருஷத்துக்கு 7 லட்சம் சுத்து ஓடுது, உரசற இடம் தேயாம இருக்காது. சுவிட்சர்லாந்துல பாசெல் நகரத்துல இருக்கற டிங்கலி அருங்காட்சியகத்துல பல வேலைகளுக்கு பட்டன்தான், அமுக்கினா கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் ஓய்வு. ஹங்கேரிய கலைஞர் மொஹோலி-நாகியோட 1930 ஒளி இயந்திரம் ஹார்வர்டுல இருக்கு, அது தாங்காதுன்னு 1970ல நகல்கள் பண்ணினாங்க. மேல பேசின காபோ கம்பியும் பிரிட்டன் டேட் அருங்காட்சியகத்துல இருக்கறது 1985ல பண்ணின நகல்தான்.

இந்த மாதிரி வேலைகள்ல எங்களுக்கு பெரிய தலைவலி என்னன்னா கலைஞர் போன பிறகு எது சிற்பம், எது உதிரிப்பாகம்னு சொல்ல ஆள் இருக்காது. மோட்டர மாத்தினா அது அவர் வேலைதானா? சத்தம் வேலைல ஒரு பகுதியா, வேகம் சரியா, எல்லாம் ஊகம்தான். நீங்க டிசைனர், சர்வீஸ் மேனுவல் எழுதத் தெரிஞ்சவங்க. இப்பவே எழுதுங்க. வேகம் எவ்வளவு, எத மாத்தலாம், எத தொடக்கூடாது, தேய்ஞ்ச தட்டுக்கு புதுசு பண்ண டிராயிங், சரியா ஓடும்போது எடுத்த வீடியோ ஒண்ணு, சத்தத்தோட. பத்து விநாடி அடங்கல எப்படி சரிபார்க்கறதுன்னும் எழுதுங்க, என்னை மாதிரி ஆளுங்க பின்னாடி அத வச்சுத்தான் தட்டு தேய்ஞ்சுதான்னு கண்டுபிடிப்பாங்க.

அச்சாணி:
இது எனக்கு யாரும் சொல்லாத விஷயம், ரொம்ப நன்றி. இப்பவே முடிவு பண்ணிட்டேன், எழுதியும் வச்சுடறேன்: மோட்டர், டிரைவர், பெல்ட், கம்பி அடில இருக்கற அசிட்டால் துண்டு எல்லாம் உதிரிப்பாகம், எந்தக் காலத்துல என்ன கிடைக்குதோ மாத்திக்கலாம், சத்தம் மட்டும் கூடக்கூடாது. 80 தட்டு, நெம்புகோல், 41-43 பல், 4 சுத்து வேகம், கம்பிங்க, இதுதான் சிற்பம். மண்சிற்பி ஐயா, மோட்டர் இல்லாட்டி கையால சுத்தறதுக்கு ஷாஃப்ட் முனைல சதுரமா ஒரு தலை விடறேன், ஒரு கைப்பிடி மாட்டி நிதானமா சுத்தினா அதே அடங்கல் வரும், கரண்டே வேண்டாம். பட்டறைக்காரன் அண்ணா, 80 தட்டையும் அடுக்கி துளைக்க ஜிக் எப்படி பிடிக்கணும்னு ஒரு படம் போடுங்களேன், பித்தளைத் தகடு 3 மில்லி கனம்.

பட்டறைக்காரன்:
3 மில்லின்னா 80ஐயும் ஒரே அடுக்கா போடாதீங்க, 240 மில்லி ஆழத்துல டிரில் விலகிடும். பத்து பத்தா பிடிங்க. ஆனா ஜிக் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும், எட்டு அடுக்குக்கும் ஜிக்ல டிரிலுக்கு வழிகாட்டுற அதே புஷ் வழியாவே டிரில் இறங்கணும். படம் வரைஞ்சு நாளைக்கு போடறேன்.